டோலிக்குப் பின்னால் நடப்பவர்

முதுகு காட்டி நிற்பவனின் இடுப்பெலும்பின் மேல் இரண்டு கட்டை விரல்களையும் பதித்தவுடன் சின்னக்குழந்தை கண்களை மூடிக்கொள்கிறார். "தூக்குடா ஒரு கால." அவன் தூக்குகிறான். "எறக்கு. அந்தாண்ட கால." அதையும் தூக்குகிறான். விரல்கள் இரண்டும் மட்டமாக நின்றால் முதுகில் ஒரு தட்டு விழும். அவன் டோலி சுமக்கலாம். ஒரு விரல் தாழ்ந்தால் தட்டு விழாது. அவன் சட்டையை எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடுவான்.

நெல்லிவாசல்நாட்டில் அவர் இருக்கும் ஊருக்குச் சாலை கிடையாது. நடக்க முடியாத நோயாளியை நீண்ட மூங்கிலில் கட்டிய கம்பளித் தொட்டிலில் கிடத்தி, முன்னால் இருவரும் பின்னால் இருவருமாக, ஒருவர்பின் ஒருவர் சுமந்து, ஜீப் நிற்கும் இடம்வரை ஆறு மைல் இறங்குகிறார்கள். இத்தொட்டிலைத்தான் டோலி என்கிறார்கள். ஆள் பொறுக்குவது சின்னக்குழந்தையின் வேலை. அவர் சுமப்பதில்லை, வலது தோளெலும்பு முறிந்து கோணலாக ஒட்டியிருக்கிறது. கடைசி ஆளாகப் பின்னால் நடப்பார்.

மலைவாழ் மக்களின் நடையை அளந்து பதிவு செய்வதற்காக, மானிடவியல் முதுகலை மாணவனாக நான் அங்கே சென்றது 1978 தை மாதத்தில். அளவுநாடாவும் குறிப்பேடுகளும் கொண்டுபோன எனக்கு அவருடைய விரல்கள் வியப்பளித்தன. பிட்டத்தில் மூன்று தசைகள் அடுக்காக அமைந்துள்ளன. மேலே இருப்பது பெரியது. ஏற்றத்தில் உடலை உந்துவதும் குந்தியவரை எழுப்புவதும் அதன் பணி. அதற்கு அடியில், இடுப்பின் பக்கவாட்டில், நடுத்தசையும் சிறுதசையும் இருக்கின்றன. ஒரு காலைத் தூக்கும்போது, ஊன்றிய காலின் பக்கமுள்ள இவ்விரண்டும் இறுகி, இடுப்பு மறுபக்கம் சரியாமல் பிடித்துக்கொள்கின்றன. அவை நலிந்தால் தூக்கிய பக்கம் இறங்கும். நாம் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும் ஒற்றைக்கால் நிற்றல்தான். எங்கள் பாடநூலில் இச்சோதனைக்கு ஓர் அயல்நாட்டு மருத்துவரின் பெயர் இருக்கிறது. சின்னக்குழந்தை அந்த நூலைக் கண்டதில்லை. "பெருசு ஏத்தும் சார், சிறுசு புடிக்கும். ஏத்தறவன் ஆயிரம் பேரு கீறான். புடிக்கறவன்தான் டோலிக்கு வோணும்" என்றார். என்னையும் சோதித்தார். தட்டு விழவில்லை. "சார் சமதரையில நடந்தவரு" என்று மட்டும் சொன்னார்.

அவரால் விலக்கப்பட்டவர்களை ஊராரிடம் கேட்டுப் பட்டியலிட்டேன். பதினொரு பேர். அவர்களுள் நால்வர் சில ஆண்டுகளுக்குள் படுத்த படுக்கையாகியிருந்தனர். பின்னாலிருந்து நடையை வைத்தே வரப்போகும் நோயைக் கண்டுவிடுவார் என்ற பயத்தில், ஒற்றையடிப் பாதையில் அவருக்கு முன்னால் நடக்க ஒருவரும் இசைவதில்லை. அவர் வருவது தெரிந்தால் புதரோரம் ஒதுங்கி நின்று, அவரை முன்னே விட்ட பிறகே பெண்கள் நடக்கிறார்கள். சந்தைக்குப் போகும் வரிசையிலும் அவருக்கு முதல் இடம்தான். டோலியின்போது மட்டும் அவர் பின்னால் வரலாம்.

அவர் நடையைக் காதாலும் அறிகிறார். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் மரமே தெரியாத காலையிலும், காலடியைக் கேட்டு இன்னார் என்று சொல்லிவிடுவார். நான் குறித்துவைத்த அறுபத்து மூன்று முறையில் அவர் தவறியது ஒரே முறை.

அந்த ஒரு முறை இது. வீரனின் மனைவி செல்லிக்கு இரண்டு நாட்களாக வலி, தலைப்பிள்ளை இறங்கவில்லை. திருப்பத்தூருக்குக் கொண்டுபோயாக வேண்டும். ஆண்களில் பலர் முந்தின நாளே சாமை மூட்டைகளோடு சந்தைக்கு இறங்கிவிட்டிருந்தார்கள். சுமக்கக்கூடிய மூவர் முற்றத்தில் காத்திருந்தோரில் தேறியிருந்தனர். நான்காவது ஆளின் காலடி பனிக்குள்ளிருந்து கேட்டது. ஒரு தட்டு, ஓர் உரசல். ஒரு தட்டு, ஓர் உரசல். சின்னக்குழந்தை கண்களை மூடிக் கேட்டார்.

"ராஜாக்கண்ணு வர்றான்" என்றார்.

கூடியிருந்தோர் பின்வாங்கினர். ராஜாக்கண்ணு இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கும் முன்னால், டோலி சுமக்கையில் குண்டுப்பாறை வளைவில் அவருடைய இடுப்பு பிடியை விட்டது. டோலியில் கிடந்த பெண் பள்ளத்தில் விழுந்து இறந்தாள். உடன் சுமந்த சின்னக்குழந்தையின் தோள் முறிந்ததும் அப்போதுதான். அவர் விரல் வைத்துப் பார்க்கத் தொடங்கியது அதன் பிறகே.

பனியிலிருந்து வெளிப்பட்டவன் வீரன், ராஜாக்கண்ணுவின் மகன்.

"இன்னா மாமா, பேயப் பாத்தாப்பல பாக்கற?"

"திரும்பி நில்லு மாப்ள."

"பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி இடுப்பையே பாக்கறாரே மாமன்" என்றான் சுமப்பவர்களில் ஒருவனான முனியன். வீரன் இடது காலைத் தூக்கினான். சின்னக்குழந்தையின் இடது விரல் மெல்ல, நான் அளந்திருந்தால் ஒன்றரை அங்குலம் இருக்கும், கீழே இறங்கியது. நலிவு வலப்பக்கத்தில்.

"எங்கப்பனாட்டமா மாமா?" என்று கேட்டான் வீரன், திரும்பாமலேயே.

வீட்டுக்குள்ளிருந்து செல்லி கத்தினாள்: "யார்னா தூக்குங்கடா! இல்லன்னா வுடுங்க, நானே நடந்து எறங்கறேன்!"

"வேற ஆளு கெடையாது மாமா" என்றான் முனியன் தாழ்ந்த குரலில்.

சின்னக்குழந்தை வீரனின் முதுகில் தட்டவில்லை. அவனைக் கடைசி இடத்தில் நிறுத்தினார். இறக்கத்தில் பளு முன்னவர்மேல் சாயும். மூங்கிலை அவனது வலது தோளில் வைத்தார். "தோள மாத்தாத. உயிரே போனாலும் வலது தோளுதான்." நலிந்த பக்கமே சுமை இருந்தால் அந்தத் தசைக்கு வேலை குறைகிறது என்பதை என் ஊருக்குத் திரும்பியபின் கணக்கிட்டு உறுதி செய்துகொண்டேன். பிறகு அவர் தம் இடது உள்ளங்கையை வீரனின் இடது இடுப்புக்கு அடியில் கொடுத்தார். அவனது வலது கால் ஊன்றிய ஒவ்வொரு முறையும் அந்தக் கை அவனைத் தூக்கிப் பிடித்தது. அவனிடம் இல்லாமல் போன தசையின் வேலையை ஆறு மைலுக்கும் அந்தக் கை செய்தது.

குண்டுப்பாறை வளைவில் பனி மிகவும் அடர்ந்திருந்தது. செல்லியின் முனகல் ஓய்ந்திருந்தது. சின்னக்குழந்தை கண்களை மூடிக்கொண்டு, பள்ளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி, பக்கத்து வீட்டாரிடம் பேசுவது போலப் பேசினார்: "வழி வுடுப்பா ராஜாக்கண்ணு. உம் பையன்தான் போறான்."

அதன்பின் முப்பத்தேழு அடிகள் உரசல் இல்லை. எண்ணினேன். வளைவு கடந்ததும் மறுபடி தொடங்கியது. குறிப்பேட்டில் அந்த இடத்தில் 'காரணம்' என்ற பத்தி இன்றும் வெறுமையாக உள்ளது.

அன்று மாலை திருப்பத்தூரில் செல்லி பெண் பெற்றாள், இருவரும் பிழைத்தனர். குழந்தைக்கு வடிவு என்று பெயரிட்டார்கள்.

விடுபட்ட அளவுகளை எடுக்க, ஓராண்டு கழித்து மீண்டும் போயிருந்தேன். வீரன் இப்போது கோலூன்றி நடக்கிறான். சந்தை வரிசையில் சின்னக்குழந்தைக்கு முன்னால் நடக்கும் ஒரே ஆள் அவன்தான். "தெரிஞ்சிப்போச்சு, இன்னும் இன்னாத்துக்குப் பயம்?" என்கிறான். சின்னக்குழந்தை அவன் வீட்டு வாசலில் எனக்கு எதிரே அமர்ந்து, விலக்கப்பட்டவர்களின் பெயர்களை மறுபடி ஒப்பித்துக்கொண்டிருந்தார். ஏழாவது பெயரில், முற்றத்துப் பக்கம் காது கொடுத்து, நிறுத்தினார்.

அவருக்குப் பின்னால், முற்றத்தில், வடிவு தாயின் சேலையை விட்டுவிட்டுத் தனியே நின்றாள்.

"மாமா, மாமா, இங்க பாரு!" என்று கூவினான் வீரன். "நடக்கறா மாமா! எம் பொண்ணு நடக்கறா!"

சின்னக்குழந்தை திரும்பவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் தம் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டார்.