தடைக்காலத்தில் பதிந்த மூன்று பாட்டு

எங்கள் முதல் வெளியீட்டில் என் பெயருக்கு எதிரே 'கத்தல்' என்று போட்டிருக்கும். நான்தான் அப்படிப் போடச் சொன்னேன். கிடார், டிரம்ஸ், கத்தல். மூன்று பேர், நான்கு பாட்டு, மொத்தமே பதினோரு நிமிடம். கோட்டைப்பட்டினத்தில் போஸ்ட் ஹார்ட்கோர் வாசிக்கிற குழு எங்களுடையது ஒன்றுதான். இன்னொன்று இருந்தால் வந்து சொல்லட்டும், டீ வாங்கித் தருகிறேன்.

அந்த இசையைத் தெரியாதவர்களுக்கு நான் இப்படிச் சொல்வது வழக்கம்: ஒரே பாட்டுக்குள் கத்தலும் ராகமும் மல்லுக்கட்டும். எங்கள் முதல் வெளியீட்டில் ராகம் தோற்றுப்போய் ஓரமாகக் கிடந்தது. அதற்குக் காரணம் நாங்கள் வாசித்த இடம். என் அப்பா ஐஸ் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். விசைப்படகுகளுக்கெல்லாம் அங்கிருந்துதான் ஐஸ் போகும். கம்ப்ரசர் ஓடும் கூடத்தை ஒட்டி உப்பு மூட்டை அடுக்கும் அறை ஒன்று உண்டு. கனமான சுவர், அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வர ஆளில்லை. அப்பா முதலாளியிடம் கேட்டு அந்த அறையை வாங்கிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மதியமானால் அங்கேதான் கிடப்போம். சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் ஓயாமல் உறுமும். அதை மீறிக் கேட்க வேண்டுமென்றால் கத்தத்தான் வேண்டும்.

கிடார் வாசிப்பவர் குளத்தூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். மூன்று பஸ் மாறி வருவார். ஒவ்வொரு பஸ்ஸிலும் கண்டக்டர் "உள்ள என்ன சார், வீணையா?" என்று கேட்பாராம். டிரம்ஸ் என் தம்பி, படகு எஞ்சின் மெக்கானிக். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். வாரம் முழுக்க ஊரார் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பேன். "கையை இறுக்கி மூடுங்க" என்பதைத் தவிர அதிகம் பேச மாட்டேன். ஞாயிறு வந்தால் சேர்த்து வைத்து அலறுவேன்.

கத்துவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆறாம் வகுப்பில் பிரார்த்தனைப் பாட்டுக்கு என்னை முன்வரிசையில் நிறுத்தினார்கள். இரண்டு நாள் கேட்டுவிட்டு டீச்சர் சொன்னார், "நீ வாயை மட்டும் அசை, போதும்." வருஷம் பூராவும் மீன் மாதிரி வாயை அசைத்தேன். கத்தலில் யாரும் அப்படிச் சொல்ல முடியாது பாருங்கள். கத்தலில் சுருதி பிசகிவிட்டது என்று எவன் சொல்வான்?

போன வருஷத் தடைக்காலத்தில் வந்தது வினை. மீன் பிடிக்கத் தடை உள்ள அந்த இரண்டு மாதமும் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஐஸ் கம்பெனியும் ஓடாது. வழக்கமாக நாங்களும் கடையைக் கட்டிவிடுவோம். அந்த முறை வாத்தியார் மூன்று புதுப் பாட்டுகளோடு வந்து நின்றார்.

"இதுல கத்தல் வேணாங்க. நீங்க பாடணும். மெசினு நிக்கிறப்பவே பதிஞ்சிரலாம்."

எனக்குச் சுருக்கென்றது. "சார், கத்துறதுக்குத்தான் நான் இருக்கேன். பாடறதுக்கு வேற ஆளப் பாத்துக்கங்க" என்றேன். மனுஷன் அசரவில்லை. வேறு ஆள் கூப்பிட மாட்டேன், நீங்கள் பாடவில்லை என்றால் வெறும் வாசிப்பாக விட்டுவிடலாம் என்றார். அதாவது நாங்கள் தொடங்கிய குழுவின் வெளியீட்டில் நான் இருக்க மாட்டேன். வேறு ஒருத்தியைக் கூப்பிட்டிருந்தால்கூட அவளைத் திட்டியாவது ஆறியிருப்பேன். ஒரு வாரம் தம்பியிடம் எரிந்து விழுந்தேன், சோற்றுத் தட்டைக்கூட நங்கென்று வைத்தேன். கடைசியில் வீராப்பை விட்டுவிட்டுச் சரி என்றேன்.

அந்த ஞாயிறு உப்பறைக்குள் நுழைந்ததும் காதைப் பொத்தியது போல் இருந்தது. மூன்று வருஷத்தில் முதன்முறையாக அங்கே சத்தமே இல்லை. வாத்தியார் போனை வைத்துச் சுருதி பார்த்துக் கம்பியை முறுக்கினார். மெதுவாக ஆரம்பித்தார். நான் வாயைத் திறந்தேன். முதல் வரியே எங்கோ போய் நின்றது. மறுபடி. மறுபடி. ஏழாவது தடவை தம்பி குச்சியைக் கீழே வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தான். அவன் கிண்டல் பண்ணியிருந்தால்கூட எனக்குத் தேவலை. ஆறாம் வகுப்பு டீச்சர் அந்த உப்பு மூட்டை மேல் உட்கார்ந்திருப்பதாகவே தோன்றியது. கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது, வெட்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

"பழைய பாட்டு ஒண்ணு வாசிச்சுப் பாப்போம்" என்றார் வாத்தியார். வாசித்தோம். அதுவும் ஒட்டவில்லை. அவருக்கே கை தடுமாறியது. போனில் எங்கள் முதல் வெளியீட்டைப் போட்டு, கூடவே கம்பியைத் தட்டிப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

விஷயம் இதுதான். மெஷின் ஓடும்போது அந்த இரைச்சலில் போன் சுருதி காட்டாது. அதனால் கம்ப்ரசரின் உறுமலுக்கே அடிக்கம்பியைச் சேர்த்து வைத்துப் பழகியிருந்தோம். ஊர் உலகமெல்லாம் வைக்கும் சுருதியைவிட அது ஒரு மயிரிழை கம்மி. மூன்று வருஷமாக எங்களுக்குச் சுருதிப் பெட்டி அந்தக் கம்ப்ரசர்தான், எங்களுக்கே தெரியாது. தடைக்காலத்தில் அது நின்றதும் மூன்று பேரும் வழி தெரியாமல் முழித்தோம்.

வாசலில் அப்பா நின்றிருந்தார். மெஷினுக்கு எண்ணெய் பார்க்க வந்தவர். மெஷினோடேயே இருந்து அவர் சாதாரணமாகப் பேசினாலே எட்டு வீட்டுக்குக் கேட்கும்.

"ஏத்தா, மெசினு சத்தமா வேணும்?"

"ஆமாப்பா. அத இப்ப ஓட்ட முடியாதுல்ல."

"எதுக்கு ஓட்டணும்?" என்றவர், உப்பு மூட்டையில் சாய்ந்து, கண்ணை மூடி, வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று இழுத்தார்.

வாத்தியார் போனில் முதல் வெளியீட்டை மறுபடி ஓடவிட்டார். பாட்டுகளுக்கு நடுவே பின்னால் கேட்கும் கம்ப்ரசரும் அப்பாவின் தொண்டையும் ஒன்றாகவே இருந்தன, இம்மி பிசகவில்லை. அவர் கம்பியை அப்பாவுக்குச் சேர்த்து இறக்கினார். என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் பாடினேன்.

நன்றாக இருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். என் குரல் கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் கனம். ஆனால் முதல் வரி அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது, இரண்டாவது வரி அதைப் பிடித்துக்கொண்டு வந்தது. தம்பி குச்சியை எடுத்து, அடிக்காமல் தோலின் மேல் உரசிக்கொண்டே வந்தான். எஞ்சினைச் சுத்தியலால் பேசவைக்கிறவன் அவ்வளவு மெதுவாக வாசிப்பான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பாட்டு முடியும்போது அப்பாவுக்கு மூச்சு போதாமல் 'ஹா' என்று விட்டார். அதையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறோம்.

அந்த மூன்று பாட்டும் வெளிவந்தபின், "பழைய கத்தல் எங்கே, மாறிட்டீங்க" என்று சிலர் எழுதினார்கள். ஆமாம், மாறிவிட்டோம், அதற்கென்ன இப்போது? இந்த வருஷத் தடைக்காலத்தில் இரண்டு பாட்டோடு அடுத்த வெளியீட்டையும் போட்டோம். அதில் கத்தல் ஒரே ஓர் இடத்தில் வரும். நான்கு நிமிடம் அடக்கிவைத்து அலறுகிற அந்த ஒன்று, பழைய பதினோரு நிமிடத்துக்கும் பதில் சொல்லும். ஆரம்பத்தில் வரும் அந்த உறுமல் எந்தக் கருவி, எந்த மென்பொருள் என்று பெங்களூரிலிருந்து ஒருவர் கேட்டார். எங்க அப்பா என்று எழுதினேன். நம்பவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, இன்னமும்தான்.

ஆனால் நான் மறக்காதது, அந்த மூன்று பாட்டை இணையத்தில் ஏற்றுவதற்கு முன்னால் நடந்தது. யார் யார் என்ன செய்தார்கள் என்ற பட்டியலை வாத்தியார் எங்கள் வீட்டில் உட்கார்ந்து போனில் அடித்துக்கொண்டிருந்தார். தன் பெயர், கிடார். தம்பி பெயர், டிரம்ஸ். அப்பாவிடம் திரும்பி, "ஒங்களுக்கு என்னன்னு போடட்டும்?" என்றார்.

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே யோசித்தார். "மெசினுன்னு போடுங்க சாரு."

அப்படியே அடித்தார். அடுத்து என் பெயரை அடித்துவிட்டு விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். தம்பி என்னைப் பார்த்தான்.

"குரல்னு போடுங்க சார்" என்றேன்.