நூறாவது ஆள்

என் மச்சானின் ரத்தத்தை எடுத்தவர்கள் ரத்த வங்கிக்காரர்கள். எடுக்க வைத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் "நேரம் சரியில்ல", "கட்டம் சரியில்ல" என்று கிரகங்களின் மேல் பழியைப் போடுகிறார்கள். சனி பகவானுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அவர் பாட்டுக்கு ஒன்பது பேரில் ஒருவராக நின்றுகொண்டிருந்தார். செய்தது நான். அதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரத்தில் யார் காதையாவது பிடித்துத் திருகத் தோன்றுகிறது. தேடிப் பார்த்தால் கைக்கு அகப்படுவது என் காதுதான்.

திருவண்ணாமலையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கூடவே ஒரு சின்ன ரத்ததானக் குழுவுக்கு நான் தலைவர். பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நோட்டீசை இலவசமாக அடித்துக் கொடுப்பவனைத் தலைவராக்கிவிடுவது எல்லோருக்கும் வசதி, அவ்வளவுதான். இருபத்தேழு முறை ரத்தம் கொடுத்திருக்கிறேன். மைக் கிடைத்த இடத்திலெல்லாம் பேசியிருக்கிறேன். "கொடுத்த ரத்தம் ஒரே நாள்ல ஊறிடுங்க! என்னையே பாருங்க!" என்பேன். பார்ப்பார்கள். என் தொப்பை எனக்கு முன்னாலேயே மேடையேறி நின்றிருக்கும். இந்த உடம்பிலிருந்து எதையாவது எடுத்திருப்பார்கள் என்றே யாருக்கும் தோன்றாது. நம்பிவிடுவார்கள்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். தினமும் பஸ் பிடித்துக் கீழ்பென்னாத்தூர் போய் ஒரு உரக்கடையில் பில் போடும் வேலை. மூன்று வருடம் படித்து வனக்காப்பாளர் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். மிச்சமிருந்தது நடைத் தேர்வு மட்டும். நான்கு மணி நேரத்தில் இருபத்தைந்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஒரு நிமிடம் தாண்டினாலும் வீட்டுக்குப் போகலாம். அவனுக்கு வயது வரம்பு முடிகிற நேரம். இதை விட்டால் அடுத்த அறிவிப்பு வரும்போது அவன் விண்ணப்பமே போட முடியாது.

பயிற்சிக்கு ஊரிலேயே பாதை இருக்கிறதே. கிரிவலப் பாதை, பதினான்கு கிலோமீட்டர், நல்ல தார் ரோடு, வழிநெடுக டீக்கடை. ஊரே புண்ணியத்துக்குச் சுற்றுகிற மலையை அவன் உத்தியோகத்துக்குச் சுற்றினான். அவன் நடப்பான். நான் பின்னால் மொபெட்டில் தண்ணீர் பாட்டிலோடு உருட்டிக்கொண்டு போவேன். ஒரு சுற்றுக்கு இரண்டு மணி எட்டு நிமிடம். அந்த வேகத்தில் போனால் இருபத்தைந்து கிலோமீட்டரையும் முடித்து, கையில் பத்து நிமிடம் மிச்சமிருக்கும். சாமியார்கள்கூட அவனை அடையாளம் தெரிந்து கையைத் தூக்குவார்கள். எனக்குத் தூக்க மாட்டார்கள். வண்டியில் கிரிவலம் வருகிறவனை யார் மதிப்பார்கள்?

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் குழு ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் நடத்தியது. ஒரே முகாமில் நூறு பேரைக் கொண்டுவரும் குழுவுக்கு ரத்ததான தின விழாவில் கேடயம் கொடுப்பார்கள். எங்களுக்கு ஒரு தடவைகூட நூறு வந்ததில்லை. அன்று மதியம் இரண்டு மணிக்கு எண்ணிப் பார்த்தால் தொண்ணூற்றொன்பது. ரத்த வங்கிக்காரர்கள் பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள். நான் மண்டபத்தைச் சுற்றி ஓடினேன். டீ மாஸ்டருக்குச் சர்க்கரை. வாட்ச்மேனுக்கு வயது தாண்டிவிட்டது. பந்தல்காரர் ஊசியைப் பார்த்தாலே விழுந்துவிடுவாராம். நான் கொடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, மூன்று மாதம் ஆகாமல் மறுபடி எடுக்க மாட்டார்கள். அப்போது என் மனைவி கொடுத்தனுப்பிய சாப்பாட்டு கேரியரோடு மச்சான் வாசலில் வந்து நின்றான்.

"வாடா மச்சான். படு."

"இன்னா மாமா வெளையாடறீங்களா? பன்னண்டு நாள்ல நடை இருக்குது."

"பன்னண்டு நாள் கெடக்குதேடா! ஒரே நாள்ல ஊறிடும். நோட்டீஸ் படிச்சதில்ல?"

"அந்த நோட்டீசு நீங்க அடிச்சதுதானே மாமா."

"நான் பொய்யா அடிப்பேன்?"

அவன் கேரியரைக் கீழே வைத்தான். என்னை மறுத்துப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. மூன்று வருடம் அவன் படித்த புத்தகத்தையெல்லாம் காசு வாங்காமல் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான். அதுவும் அவன் வாயை அடைத்திருக்கும்.

ரத்த வங்கி டாக்டரம்மா அவனை உட்கார வைத்து வழக்கமான கேள்விகளைக் கேட்டார். காய்ச்சல் உண்டா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா, ராத்திரி தூங்கினீர்களா. பிறகு அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அத்லட் மாதிரி இருக்கீங்களே. ரெண்டு மூணு வாரத்துல ஓட்டம், செலக்‌ஷன் ஏதாவது இருக்குதா?" என்றார்.

மச்சான் வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லிங்க மேடம். செல்போனைத் தேய்க்கிறதுதான் சாருக்கு எக்சர்சைஸ்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்தார். மச்சானும் சிரித்துவிட்டுப் போய்ப் படுத்தான். எங்கே போனாலும் நாலு பேரைச் சிரிக்க வைக்காமல் வரமாட்டேன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை எடுத்த வாயைத் தைக்க ஊரில் ஒரு டெய்லர்கூடவா இல்லாமல் போனான்?

இரண்டு நாள் ஓய்வு கொடுத்தேன். ஒரு நாள் போதும்தான், தாராள மனசு. மூன்றாம் நாள் விடியற்காலை கிளம்பினோம். அக்னி லிங்கம் வரைக்கும் வழக்கம்போல்தான் போனான். நிருதி லிங்கத்துக்கு வருவதற்குள் வாயால் மூச்சு விடத் தொடங்கினான். அடி அண்ணாமலை ஊருக்குள் நுழைந்தபோது இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான். அவன் நின்று நான் பார்த்ததே இல்லை.

"இன்னாடா?"

"காலு போவுது மாமா. மூச்சுதான் பின்னாடி வருது." கொஞ்சம் தண்ணீர் குடித்தான். "உங்க வண்டி லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது?"

"அம்பது."

"என்னைவிட ஜாஸ்தி."

அன்றைய சுற்று இரண்டு மணி இருபத்தொரு நிமிடம். தூக்கம் கம்மியாக இருக்கும் என்றேன். அடுத்த நாள் இரண்டு இருபது. வெயில் என்றேன். ஆறு மணிக்கு என்ன வெயில்? ஷூ என்றேன். புது சாக்ஸ் வாங்கிக் கொடுத்தேன். நோட்டீசில் அடித்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன்.

வீட்டில் என் மனைவிக்கு விஷயம் தெரிந்தது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திச் சமாளித்திருப்பேன்.

"கேடயத்த எங்க மாட்டப் போறீங்க?" என்றாள்.

"இன்னும் குடுக்கல."

"குடுத்ததும் அவன் கழுத்துல மாட்டுங்க."

அதற்குப் பிறகு வைத்திய மழை. பக்கத்து வீட்டிலிருந்து மாதுளம்பழம், எதிர் வீட்டிலிருந்து முருங்கைக்கீரை, கடைக்கு வந்தவர் சொன்னபடி பேரீச்சம்பழம், ஆட்டு ஈரல். நான் தினமும் இரண்டு வேளை பீட்ரூட் ஜூஸ் பிழிந்து கொடுத்தேன். மூன்றாம் நாள் மச்சான் பாத்ரூமிலிருந்து வெளுத்த முகத்தோடு ஓடிவந்தான். "மாமா, ரத்தமா போவுது!" உடம்பில் இருப்பதே கம்மி, அதுவும் போகிறதா என்று மொபெட் சாவியைத் தேடி ஓடினேன். கடைசியில் பார்த்தால் பீட்ரூட். உள்ளே போன நிறம் அப்படியே வெளியே வந்திருக்கிறது. ரத்தமாக மாறவில்லை. என் வைத்தியத்தின் யோக்கியதை அவ்வளவுதான்.

அன்றே ரத்த வங்கிக்குப் போனேன். கோபமாகத்தான் போனேன். உள்ளே நுழைந்து டாக்டரம்மாவைப் பார்த்ததும், "அவ்ளோ ரத்தம் எடுத்துட்டீங்களே மேடம், பையன் நடக்கவே முடியாம தவிக்கிறான்!" என்று ஆரம்பித்தேன். என்ன நடை என்று கேட்டார். சொன்னேன். தேதியைக் கேட்டார். அதையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"நான் கேட்டேனே சார்."

"ஒரே நாள்ல ஊறிடும்னு..."

"ஊர்றது தண்ணி சார். எடுத்த அளவு ஒரு நாள் ரெண்டு நாள்ல சரியாயிடும். ஆக்சிஜனைத் தூக்கிட்டுப் போற சிவப்பணு திரும்ப நெறைய வாரக்கணக்குல ஆகும். சேர்ல உக்காந்து வேலை பாக்கறவருக்கு அது தெரியவே தெரியாது. மூச்சு முட்ட நடக்கறவருக்குத் தெரியும். ரெண்டு மாசம் முன்னாடியோ, நடை முடிஞ்சப்புறமோ குடுத்திருந்தா ஒரு தொந்தரவும் இல்ல. இதுல ரத்தம் குடுத்தது தப்பில்ல சார், நாள்தான் தப்பு."

"இப்ப மாத்திரை ஏதாவது..."

"இரும்புச்சத்து மாத்திரை தரேன், சாப்பிடட்டும். ஆனா இந்த நாலு நாள்ல அது பெருசா ஒண்ணும் பண்ணாது. ஆரம்பத்துல வேகம் காட்ட வேணாம்னு சொல்லுங்க. ஒரே சீரா போகச் சொல்லுங்க."

வெளியே வந்து மொபெட்டை உதைத்தேன். அது கிளம்புவதற்காக உதைத்த உதை அல்ல. இருபத்தேழு முறை ரத்தம் கொடுத்துவிட்டு நான் என்ன செய்தேன்? கடைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். மெஷின் ஓடியது, நான் ஓடவில்லை. "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று ஊரெல்லாம் சொன்னேன். பிளாஸ்டிக் நாற்காலியை வைத்துச் செய்த பரிசோதனையை மலையைச் சுற்றுகிறவனுக்குச் சிபாரிசு செய்திருக்கிறேன். தெரியாமல் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த அம்மாள் கேட்டபோது அவன் வாயால் ஒரு வார்த்தை சொல்ல விட்டிருக்கலாம் அல்லவா? அதற்கு எந்த அறிவும் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

தேர்வு வெளியூரில், ஒரு நெடுஞ்சாலையில் நடந்தது. முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். அதற்கு இந்தப் பக்கம் நானும் என் மனைவியும் நின்றோம். மூன்றரை மணி நேரத்தில் முதல் ஆட்கள் வந்தார்கள். அப்புறம் கூட்டமாக வந்தார்கள். மூன்று ஐம்பதுக்கு, கிரிவலப் பாதையில் பயிற்சிக்கு வந்து எப்போதும் மச்சானுக்குப் பின்தங்கியே நடந்த ஒரு பையன் கோட்டைத் தாண்டிவிட்டு ரோட்டிலேயே படுத்துக்கொண்டான். மூன்று ஐம்பத்தெட்டுக்கு மச்சான் தூரத்தில் தெரிந்தான். ஓடவில்லை. ஓட முயற்சி செய்தான். கால் கேட்டது, மார்பு கொடுக்கவில்லை. என் மனைவி "வாடா, வாடா" என்று கத்தினாள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். அவனையே இழுப்பதாக நினைப்பு.

விசில் ஊதிவிட்டார்கள். அதற்கு மூன்று நிமிடம் கழித்து அவன் கோட்டைத் தாண்டினான். பாதியில் நிற்காமல் முழுக்க நடந்து வந்து தாண்டினான். ஒரு அதிகாரி அவன் நெஞ்சிலிருந்த எண் அட்டையைக் கழற்றிக்கொண்டு, "போய் நிழல்ல உக்காருப்பா" என்றார்.

அடுத்த ஒரு வாரம் வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "அவனுக்கு எழுதினது அவ்ளோதான்." "நல்ல காரியத்துக்குத்தானே குடுத்தான், கடவுள் வேற வழி காட்டுவார்." ஒருவர் ஒரு படி மேலே போய், "அந்த ரத்தத்துல யாரோ பொழைச்சிருப்பாங்க, அந்தப் புண்ணியம் ஒங்களுக்குத்தான்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். யாரோ பிழைத்திருக்கலாம். பிழைத்திருந்தால் சந்தோஷம். அவருக்குக் கொடுக்க அந்த மண்டபத்தில் ஏற்கெனவே தொண்ணூற்றொன்பது பேர் படுத்து எழுந்திருந்தார்கள். நூறாவது ஆள் நோயாளிக்குத் தேவைப்படவில்லை. எனக்குத்தான் தேவைப்பட்டான். இதை வந்தவர்களிடம் சொன்னேன். "உங்களுக்கு எப்பவும் தமாஷ்தான்" என்று சிரித்துவிட்டுக் காப்பி குடித்தார்கள்.

மச்சான் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை உரக்கடைக்குப் போனான். சாயங்காலம் வந்தான். டிவி பார்த்தான். என்னிடம் வழக்கம்போல் சார்ஜர் கேட்டான். எட்டு நாள் பொறுத்தேன். ஒன்பதாம் நாள் மதியம், ஞாயிற்றுக்கிழமை, மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது என்னால் முடியவில்லை.

"டேய், ஏதாவது சொல்றா. திட்டிடு. கெட்ட வார்த்தையில வேணும்னாலும் திட்டு. உங்கக்கா காதைப் பொத்திக்குவா."

"பொத்த மாட்டேன். திட்டட்டும்" என்றாள் அவள்.

மச்சான் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"திட்டிட்டா உங்களுக்கு லேசாயிடும் மாமா," என்றான். "அதான் திட்டல."

குரலில் கோபமே இல்லை. நாளைக்கு ஐந்தரை பஸ் என்று சொல்கிற குரல். சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டு அக்காவிடம் அப்பளம் கேட்டான். அவள் அவன் தட்டில் இரண்டு வைத்தாள். தன் தட்டில் ஒன்று வைத்துக்கொண்டு டப்பாவை மூடினாள். அப்பளமென்றால் எனக்கு உயிர் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் கேட்கவில்லை.