நூற்றுப் பதினேழாம் பக்கத்து முழங்கால்

பதினெட்டு வருஷமாக அடுத்தவர் முழங்கால்களோடு மாரடித்து வருபவள் அவள். மருத்துவமனையின் தரைத்தளத்தில், மருந்துக் கடையை ஒட்டிய அறைதான் அவள் ராஜ்ஜியம். இரண்டு கட்டில், நின்ற இடத்திலேயே மிதிக்கும் ஒரு சைக்கிள், சுவரோரம் கைப்பிடிக் கம்பி. எல்லோருக்கும் அவள் பிசியோ மேடம். எப்பேர்ப்பட்ட முரண்டு பிடிக்கிற ஆளையும் வழிக்குக் கொண்டுவந்தவளுக்கு, கமாண்டோ சார் மட்டும் தண்ணி காட்டினார்.

சிறப்புப் படையிலிருந்து ஓய்வு பெற்றவர். பழைய காயம் முற்றி, வலது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். வீட்டில் தினமும் முப்பது தடவை காலை நீட்டி மடக்கச் சொன்னால், "பண்ணிட்டேன் மேடம்" என்பார். மூட்டைத் தொட்டதுமே பொய் தெரிந்துவிடும். கட்டையாக இறுகிக் கிடக்கும். ஒரு நாள் ரொம்பக் குடைந்தபோது, நேரமே கிடைக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக, தான் எழுதி வெளிவந்த நாவலில் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

மத்தியான இடைவேளையில் பிரித்தாள். சும்மா சொல்லக் கூடாது, கதை விறுவிறுவென்றுதான் போனது. நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் நாயகனின் முழங்காலில் குண்டு பாய்ந்தது. நூற்று இருபதில் அவன் சட்டையைக் கிழித்துக் கட்டுப் போட்டுக்கொண்டு, பன்னிரண்டடிச் சுவரைத் தாண்டி, நண்பனைத் தோளில் சுமந்தபடி ஆற்றில் குதித்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் புலம்பினால், புருஷன் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். "கதைய கதையா படி. நீ எதுக்கு எக்ஸ்ரே எடுக்குற?"

மறுநாள் கமாண்டோ சார் கட்டிலில் ஏறியதும் கேட்டே விட்டாள். "உங்க ஆளு எந்த பிசியோகிட்ட போனான் சார்? எனக்கும் விலாசம் குடுங்க."

அவர் சிரிக்கவில்லை. "நடந்ததுதான் மேடம். என் கால்தான் அது. சுவரு மட்டும் நாலடி."

"அப்புறம்?"

"அப்புறம் ஏழு மாசம் படுக்கை. கக்கூஸுக்குக்கூட ரெண்டு பேரு தூக்கிட்டுப் போவாங்க. அத எவன் வாங்கிப் படிப்பான்?"

"யாரும் படிக்க வேணாம். நீங்க கால மடக்குங்க."

மனிதருக்குச் சுருக்கென்றது போலும். ஒன்பது நாள் எட்டிப் பார்க்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது அவளுக்கு.

பத்தாம் நாள் அவர் மனைவி கைத்தாங்கலாக அழைத்து வந்தார். "குளிக்கப் போன இடத்துல உக்காந்தவரு எந்திரிக்க முடியாம ஒரு மணி நேரம் கெடந்திருக்காரு மேடம். என்னக் கூப்பிடக்கூட இல்ல. கேட்டா, சமாளிச்சுக்கலாம்னு நெனச்சாராம்!"

அவள் அவர் முழங்காலைப் பிடித்து மடக்கினாள். பாதி வளைவதற்குள் அவர் முகம் வியர்த்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

"சார்!"

"வலிக்குது. உயிரே போகுது."

"இதச் சொல்ல இத்தன நாளா?"

அதற்குப் பிறகு அவர் ஒரு நாள் தவறவில்லை. மூன்றாம் மாதம் கம்பியைப் பிடிக்காமலே படியேறினார். ஏறி முடித்த கையோடு, அடுத்த நாவலுக்கு ஒரு சந்தேகம் கேட்டார்.

"தோள்பட்டை எலும்பு ஒடஞ்சா எவ்வளவு நாள் ஓய்வு மேடம்?"

"மூணு மாசம்."

"மூணு நாளுன்னு போட்டுக்கவா?"

"மூணு வாரத்துக்குக் கீழ எறங்க மாட்டேன்" என்று அவள் பல்லைக் கடித்தாள்.