பன்னிரண்டு சாய்வுகளும் ஓர் அங்குலமும்

என் பெயர் கஜபதி. திருத்தணியில் முப்பத்தொரு வருஷமாகக் கொத்தனார் வேலை செய்கிறேன். என் கையால் எழும்பிய சுவர் எதுவும் இதுவரை சாய்ந்ததில்லை. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நேராக நிற்கிற சுவரை யாரும் நின்று பார்ப்பதில்லை.

சொந்த ஊர் அம்மையார்குப்பம். வீட்டில் தறி இருந்தது. நாள் முழுக்க நூலைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது என்று சண்டை போட்டுவிட்டுப் பதினெட்டு வயதில் திருத்தணிக்கு ஓடிவந்தேன். கிடைத்தது கட்டட வேலை. முதல் நாளே மேஸ்திரி என்னிடம் ஒரு நூல்கண்டைக் கொடுத்து, "இந்த மூலையிலேர்ந்து அந்த மூலைக்கு இழுத்துக் கட்டு" என்றார். அன்று கட்டிய நூலை இன்னும் அவிழ்க்கவில்லை.

யாரும் என்னை உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. கலவை சுமந்துகொண்டே பார்த்துப் பழகியதுதான். பகலில் பார்த்ததைச் சாயங்காலம் உடைந்த செங்கல்லை அடுக்கிச் செய்து பார்ப்பேன். பிடிபடும்வரை கலைத்துக் கலைத்து அடுக்குவேன். அப்படிக் கற்றுக்கொள்கிறவனுக்குத் தனக்குத் தெரியாத வேலை உலகத்தில் இல்லை என்று ஒரு நினைப்பு வரும். எனக்கு அது கொஞ்சமும் குறையாமல் வந்தது.

ரசமட்டத்தில் குமிழ் நடுவில் நின்றால்தான் எனக்குச் சோறு இறங்கும். கல்யாண வீட்டில் பந்தி மேஜை ஆடினால், அட்டையை மடித்துக் காலுக்கு அண்டை கொடுத்துவிட்டுத்தான் இலை முன்னால் உட்காருவேன். அதற்குள் சாம்பார் என்னைத் தாண்டிப் போய்விடும். என் மனைவி ஜெயம்மாதான் என்னிடம் சித்தாளும். வீட்டில் ஒருமுறையும் வேலையில் ஒருமுறையுமாக என் குணத்தை அவள் இரண்டு தடவை அனுபவிக்கிறாள்.

போன வருஷம் மலையடிவாரத்திலிருந்து ரயில் நிலையம் பக்கம் போகிற எங்கள் தெருவில் வேலை எடுத்தார்கள். லாரி, பஸ், ஷேர் ஆட்டோ எல்லாம் உரசிக்கொண்டு போகிற தெரு அது. நடப்பவர்கள் சாக்கடை மூடி மேல் காலை மாற்றி மாற்றி வைத்துத் தாண்டுவார்கள். இனி ஒரு பக்கம் முழுக்க எட்டடி அகலத்துக்கு மேடான பாதை. நடக்கிறவர்களும் சைக்கிள்காரர்களும் அதில் போகலாம். நடுவில் ஆறு சந்துகள் குறுக்கிடுகின்றன. ஒவ்வொரு சந்திலும் இறங்க ஒரு சாய்வு, ஏற ஒரு சாய்வு, ஆக மொத்தம் பன்னிரண்டு. கான்ட்ராக்டர் அந்தப் பன்னிரண்டையும் என்னிடம் கொடுத்தார்.

எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு முஹ்சினாவுடையது. முப்பது வயது இருக்கும். சின்ன வயதிலேயே போலியோவில் இரண்டு கால்களும் போய்விட்டன. கையால் பெடல் சுற்றுகிற மூன்று சக்கர சைக்கிள் வைத்திருக்கிறாள். ஆனால் லாரிகளுக்கு நடுவே அதைத் தனியாக ஓட்டிப்போக முடியாது. அண்ணன் அயாஸ் பின்னால் தள்ளிக்கொண்டு வர வேண்டும். அயாஸ் அரக்கோணத்தில் மெக்கானிக். காலை ஏழு மணி ரயிலுக்குப் போய்விடுவார்.

முஹ்சினாவுக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். ஒன்பதரைக்குள் வந்துவிட வேண்டும், இல்லையென்றால் காத்திருக்கிற வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். இதற்கு முன்னால் கிடைத்த இரண்டு வேலைகளை இந்தத் தெருவுக்குப் பயந்துதான் விட்டிருந்தாள். அதனால் வாசலில் உட்கார்ந்து தினமும் என்னைக் கேட்பாள்.

"மேஸ்திரி, திங்கக்கெழமைக்குள்ள முடிஞ்சிடுமா?"

"ஆங், நீ கவலையே படாத மா. கண்ணாடி மாதிரி போட்டுக்கினு இருக்கேன்."

இன்ஜினியர் சுஜாதா என்று ஒரு பெண். அவர் கொடுத்த வரைபடத்தில் சாய்வின் நீளம், அகலம், உயரம் எல்லாம் தெளிவாக இருந்தன. சாய்வு வந்து சந்தைத் தொடுகிற இடத்தில் மட்டும் பூஜ்யம் என்று போட்டிருந்தது. பாவம், சின்னப் பெண், அளவு போட மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்தொரு வருஷத்தில் நான் கட்டிய எந்த வாசலிலும் விளிம்பை ஓர் அங்குலமாவது தூக்காமல் விட்டதில்லை. தூக்காவிட்டால் மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். இது கூடவா தெரியாது?

ஜெயம்மா கலவைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "இன்னாய்யா, பூஜ்யம்னு போட்டுக்கீது?"

"அளவு போட மறந்துட்டாங்கன்னு அர்த்தம்."

"அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேளேன்."

"சந்தேகம் வந்தா அவங்கதான் என்னைக் கேக்கணும். நீ கலவையைக் கொடு."

பன்னிரண்டு சாய்விலும் ஓர் அங்குல விளிம்பு வைத்தேன். கத்தியால் வெட்டியது போன்ற விளிம்பு. நூல் கட்டி, மட்டம் பார்த்து, ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இல்லாமல். வேறு கொத்தனாராக இருந்தால் அசதியில் நாலு இடத்திலாவது விளிம்பைத் தேய்த்துவிட்டிருப்பான். அந்த நாலு இடமாவது சரியாக அமைந்திருக்கும். என் ஒழுங்கு அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முஹ்சினா ஓட்டிப் பார்க்க வந்தாள். முதல் சந்தில் இறங்கும்போது தொப்பென்று ஒரு குலுக்கல். சந்தைக் கடந்து எதிர்ச் சாய்வில் ஏறப்போனாள். முன் சக்கரம் விளிம்பில் முட்டி நின்றது. பின்னால் போய்த் திரும்ப வந்தாள். திரும்பவும் நின்றது. பக்கத்து டீக்கடையில் கண்ணாடி கிளாஸ்கள் பாதி வழியில் நின்றன.

"முன் சக்கரத்துல காத்து கம்மியா இருக்கும் மா," என்றேன்.

"காலையிலதான் அண்ணன் அடிச்சிட்டுப் போச்சு."

"அப்ப சக்கரம் கோட்டமா இருக்கும்."

"போன வாரம்தான் கோட்டம் எடுத்தது."

"நீ கொஞ்சம் வேகமா வரணும் மா. தயங்கித் தயங்கி வர்ற."

முஹ்சினா டீக்கடை பெஞ்சு ஓரமாகச் சைக்கிளை நிறுத்தி, இரண்டு கைகளையும் ஊன்றிப் பெஞ்சுக்கு மாறிக்கொண்டாள். "நீங்க ஏத்திக் காட்டுங்க மேஸ்திரி, பாத்துக் கத்துக்கறேன்."

சிமென்ட் மூட்டை தூக்குகிற கை என்னுடையது. இது ஒரு பெரிய விஷயமா என்று ஏறி உட்கார்ந்தேன். கால்களை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பெடலைச் சுற்றி வேகமாக வந்து மோதினேன். சைக்கிள் நின்றது, நான் நிற்கவில்லை. கைப்பிடி நெஞ்சில் இடித்தது. இரண்டாம் முறை தலைத்துண்டு கழன்று சந்தில் விழுந்தது. மூன்றாம் முறை வண்டி பக்கவாட்டில் சாய, ஜெயம்மா ஓடிவந்து பிடித்தாள். என் பொறுப்பில் முதன்முதலாகச் சாய்ந்தது அதுதான்.

"மேஸ்திரி, எறங்கித் தள்ளு!" என்று டீக்கடையிலிருந்து ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

முஹ்சினாவும் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "எறங்கித் தள்ள முடிஞ்சா நான் ஏன்ணா இதுல வரப்போறேன்?"

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் குரலில் கோபம் இல்லை. "அப்ப திங்கக்கெழமை வரலைன்னு அவங்களுக்குச் சொல்லிடட்டுமா மேஸ்திரி? கடைசி நிமிஷத்துல சொன்னா நல்லா இருக்காது."

"சொல்லாத மா," என்றேன். உடனே சுஜாதாவுக்குப் போன் போட்டேன்.

அவர் வந்து, குனிந்து, விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தார். "பூஜ்யம்னு போட்டிருந்தேனே?"

"அளவு மறந்துட்டீங்கன்னு நெனச்சேன் மா."

"மறக்கலீங்க. பூஜ்யம்தான் அளவு."

"மழை பெஞ்சா தண்ணி ஏறிடுமே?"

"இது தெருங்க மேஸ்திரி. தண்ணி வந்தா யார் வீட்டுப் பாய் நனையப்போகுது?" பன்னிரண்டையும் நடந்து பார்த்துவிட்டு வந்தார். "ஆனா ஒண்ணு, எல்லாமே ஒரே அளவா இருக்கு. இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல."

வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மலைக்கோயிலுக்கு ஏற முந்நூற்று அறுபத்தைந்து படிகள் உள்ள ஊரில் பிழைக்கிறவன் நான். படி வைப்பது பக்தி என்றே பழகிவிட்டேன் போலிருக்கிறது. படி இல்லாமல் ஒரு இடத்தைக் கட்ட வேண்டும் என்று யாராவது எழுதிக் கொடுத்தால், எழுத்துப்பிழை என்றுதான் தோன்றுகிறது.

புதன்கிழமை காலை உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்தேன். நான் போட்ட கலவை எவ்வளவு கெட்டி என்று அன்றுதான் தெரிந்தது. பத்து நிமிஷம் அடித்தால் ஒரு சாண் உடைந்தது. உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. ஜெயம்மா ஜல்லியை வாரிக்கொண்டே, "எவனோ நல்ல வேலைக்காரனா இருக்கான்யா. இன்னா கெட்டி பாரு," என்றாள். டீக்கடைக்காரர் தினமும் கிளாஸை என் பக்கத்தில் வைத்துவிட்டு, "மேஸ்திரி, இதை ஏத்தவா, எறக்கவா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் பன்னிரண்டு விளிம்பும் உடைந்தன. விளிம்பு இல்லாமல், சந்தோடு வழிந்து சேர்கிற மாதிரி திரும்பப் பூசினேன். ரசமட்டம் அங்கே உதவவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினேன். எங்கே சாய்வு முடிகிறது, எங்கே சந்து தொடங்குகிறது என்று கைக்கே தெரியாமல் போகும்வரை தேய்த்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஈரச் சாக்கு போட்டுக் காவல் இருந்தேன். அதனால் ஓட்டிப் பார்க்க வழியில்லை. சைக்கிள் ஏறுமா என்பது திங்கட்கிழமைதான் தெரியும்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே போய்ச் சாக்குகளை எடுத்துவிட்டேன். ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே கடைசிச் சாய்வுக்கு வந்தேன். பழக்கதோஷம், ரசமட்டத்தையும் எடுத்து வைத்து, பாதையின் நடுவில் குத்துக்காலிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சாய்வில் மட்டம் பார்க்கிற ஒரே ஆள் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.

பின்னால் மணி அடித்தது. ஒருமுறை இல்லை, மூன்று முறை.

திரும்பினேன். முஹ்சினா வந்துகொண்டிருந்தாள். மடியில் பை, பையில் சாப்பாட்டு டப்பா. பதினொரு சாய்வுகளைத் தாண்டி, ஆறாவது சந்துக்குள் இறங்கிவிட்டிருந்தாள். அவள் ஏற வேண்டிய ஒரே இடத்தை அடைத்துக்கொண்டு நான்.

"ஓரம் போங்க மேஸ்திரி! நேரமாவுது!"

ரசமட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒண்டினேன். அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. முன் சக்கரம் ஏறியது, பின் சக்கரங்கள் ஏறின, ஒரு சத்தமும் இல்லை. நான் போட்ட வேலையை அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.