வேலிக்குள் ஓடிய கார்

ஓடித் தேய்ந்த காரைப் பழுது பார்ப்பது தொழில்; ஓடாத காரைப் பழுது பார்ப்பது தண்டனை. சும்மா நிற்கும் எஞ்சினில் எண்ணெயை அடைக்கும் சீல் காய்ந்து சுருங்கும், எண்ணெய் சொட்டும். சட்டையில் கறையோடு வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்கிய சகோதரர்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள்ளிருந்து சுட்ட அவசரகாலத்தில் மலாக்காவில் அப்படி நின்ற கார்கள் பல. எனக்கு வாய்த்தது இது.

தகரத் தட்டு

கோவிந்தசாமி ஐயா, பாயா ரும்புட்டுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. சண்டைக்கு முன்னால் வாங்கிய காரை ஜப்பான்காரன் கண்ணில் படாமல் காப்பாற்றியவர். இப்போது காட்டுக்குள்ளிருந்து எவன் சுடுவானோ என்று கொட்டகையிலேயே நிறுத்திவிட்டார். ஆனால் மனைவி சரோஜாவுக்கு ஏழாம் மாதம். முதல் பிள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போக லாரிக்குக் காத்திருந்த நேரத்தில் போய்விட்டது. இந்த முறை சொந்தக் காரில் மலாக்காவுக்குப் போய்விட வேண்டும், நடுவழியில் நிற்கவே கூடாது என்றார்.

காருக்கடியில் ஒரு தகரத் தட்டு நிறைய எண்ணெய். எத்தனை நாளாகச் சொட்டுகிறது என்று கிராணியைக் கேட்டேன்.

"சொட்டினா என்ன தம்பி? தட்டுலதானே இருக்கு, திரும்ப ஊத்திக்கலாம்லா!"

ஒரு புட்டி விளக்கெண்ணெய்

முன் சீல் தோலால் ஆனது, அப்பளம்போல் விறைத்திருந்தது. புதிதாக வெட்டி விளக்கெண்ணெயில் ஊறவைத்தால் வளைந்துகொடுக்கும். கிராணி வீட்டில் கேட்டேன். பிரசவத்துக்கென்று வாங்கி வைத்த புட்டியே வந்தது.

பின் சீல் கயிறு. அதை மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும். அங்கேயும் லேசாகக் கசிவு தெரிந்தது. சோம்பல்தான், வேறென்ன. "பின்னால் எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன்.

காலிப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். சரோஜா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அண்ணே, பிரசவம் எனக்கா, காருக்கா?"

மூன்று சுற்று

வாரம் ஒருமுறையாவது ஓட்டினால்தான் சீல் காயாது என்றேன். ரோட்டில் ஓட்ட கிராணிக்குத் தைரியம் இல்லை. ஞாயிறுதோறும், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றிப் போட்டிருந்த முள்வேலிக்குள்ளேயே இரண்டாம் கியரில் வட்டமடித்தார். வாசலில் காவலுக்கு நின்ற மலாய்க்கார கான்ஸ்டபிள் ஒவ்வொரு சுற்றுக்கும் சல்யூட் அடித்தார். ஏறிப் பார்க்க சனம் வரிசையில் நின்றது. பால்மரம் வெட்டும் கண்ணம்மா கலியாணப் புடவை கட்டி வந்து, மூன்று சுற்றுப் போய் இறங்கினார்.

"மலாக்காவும் நம்ம லயம் மாதிரியேதான் இருக்கு."

மேடு

ஒரு ஞாயிறு மத்தியானம் சரோஜாவுக்கு வலி கண்டது. காரைப் பார்க்க நானும் அன்று வந்திருந்தேன். கிராணி ஓட்டினார், நான் பக்கத்தில், சரோஜா பின்சீட்டில்.

இரண்டாம் கியரைத் தாண்டி அந்தக் கார் பல மாதமாகப் போனதில்லை. தார் ரோட்டில் வேகம் பிடித்ததும் பின் சீல் தாராளமாகக் கசிந்து, கிளட்ச் தட்டு எண்ணெயில் நனைந்து வழுக்க ஆரம்பித்தது. ஒரு மேட்டில் எஞ்சின் அலறியது, கார் நகரவில்லை. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். பத்தடி தள்ளி எரிந்துபோன லாரி ஒன்று கிடந்தது. சரோஜா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். என்னால்தான் இது.

எண்ணெயை உறிஞ்ச உலர்ந்த பொடி வேண்டும். சரோஜாவின் மூட்டையில் மாரியம்மன் கோயில் திருநீறு ஒரு டின் நிறைய இருந்தது. தரைப்பலகையைத் தூக்கி, கிளட்ச் மூடியைத் திறந்து, அத்தனையும் கொட்டினேன். அப்படியே, பின் சீல் பற்றி நான் சொன்னது பொய் என்பதையும் சொல்லிவிட்டேன். கிராணி கியரைப் போட்டார். கிளட்ச் பிடித்தது.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. அழுகைச் சத்தம் கேட்டு நானும் அழுதேன். உள்ளே போக முகமில்லாமல் வெளியே நின்றேன். சரோஜாவே கூப்பிட்டனுப்பினார்.

"பிள்ளை நெத்தியில வைக்கக் கொஞ்சமாச்சும் திருநீறு மிச்சம் வச்சீங்களா அண்ணே?"

மறுவாரமே எஞ்சினை இறக்கிக் கயிற்றை மாற்றிக் கொடுத்தேன். கார் அப்புறம் சொட்டவில்லை, ஆனால் நான் எதை "நன்றாக இருக்கிறது" என்றாலும் கிராணி ஐயா இன்றைக்கும் குனிந்து அடியில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுகிறார்.