ஆயா போய் கேர்கிவர் வந்த காலை

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பாதி, போன இடங்களில் என்னைக் கூப்பிட்ட பெயர்கள்தான். கல்கத்தாவுக்கு வந்து ஹவுராவில் மெஸ் ஒன்றில் தட்டுக் கழுவியபோது கிளீனர். கார்டன் ரீச்சில் கப்பல் துரு சுரண்டியபோது ஹெல்ப்பர். அலிப்பூரில் ஒரு தமிழ் வீட்டில் சமையலுக்குச் சேர்ந்தபோது அந்த வீட்டுப் பெரியவர் என்னை சர்வன்ட் என்றார். அவர் காலமான பிறகு அவர் மனைவி, நான் மாமி என்று கூப்பிடுபவர், குக் என்றார். பெங்களூரில் இருக்கும் மகளுக்கு நான் டொமஸ்டிக் ஹெல்ப். அடுப்பு அதேதான், நான் கிளறிய உப்புமாவும் அதேதான்.

மாமி இடுப்பு எலும்பு முறிந்து படுத்தபோது, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஆயா சென்டரிலிருந்து ஒரு வங்காளிப் பெண் வந்தார். அக்கா என்ற பொருளில் நான் தீதி என்பேன், அண்ணன் என்று அவர் என்னை தாதா என்பார். விடியற்காலை கானிங் லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே வந்து சேருவார். ஆயா என்பதால் அவருடைய டீ கிளாஸ் தனியாகச் சமையலறை ஜன்னலில் கவிழ்ந்திருக்கும். மாமி படுத்தபடி நாள் முழுக்கத் தமிழில் பேசிக்கொண்டே இருப்பார். தீதியும் கேட்டுக் கேட்டுப் பேசக் கற்றுக்கொண்டார். பிறகு மாமிக்குப் பக்கவாதம் வந்தது. பெங்காலி, இந்தி, ஆங்கிலம் எல்லாம் போய், தமிழில் சொன்னால் மட்டும் கண் அசைந்தது. வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

மகளால் நேரில் வர முடியவில்லை; வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் தீதிதான் ஃபோனைப் பிடித்திருப்பார். திரையில் மாமியின் முகமும், அவர் வாயைத் துடைக்க வரும் சிவப்பு வெள்ளை வளையல் கையும் மட்டும் தெரியும். மாமி இளைப்பதைப் பார்த்துப் பயந்த மகள் ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "ஆயாவெல்லாம் போறாது. அவளை நிறுத்திடுங்க. ட்ரெயின்ட் கேர்கிவர் ஒருத்தரை நானே வந்து ஏற்பாடு பண்றேன்."

நான் தீதியிடம் சொன்னேன். அவர் ஜன்னலில் இருந்த கிளாஸைக் கழுவி மறுபடி அங்கேயே கவிழ்த்துவிட்டுப் போனார்.

மாமி சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். நான் ஊட்டினால் உதட்டை இறுக்கிக்கொண்டார். விமானத்தில் வந்து இறங்கிய மகள் ஊட்டியபோது கஞ்சி கன்னத்தில் வழிந்தது. இப்படியே போனால் மூக்கில் குழாய்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். மகள் அதே ஆயா சென்டருக்கு ஃபோன் செய்து, கேர்கிவர் வேண்டும், கட்டாயம் தமிழ் புரிய வேண்டும் என்று ஆங்கிலத்தில் அழுத்திச் சொன்னாள்.

மறுநாள் காலை மணி அடித்தது. கதவைத் திறந்தேன். வெளிர்நீலக் கோட்டு, கழுத்தில் அட்டை, பின்னி முடிந்த தலை. தீதி.

"புது ஆளைப் பாக்கற மாதிரி பாருங்கோ, தாதா," என்றார் மெதுவாக.

ஏமாற்று ஒன்றுமில்லை. சென்டர் கொடுத்த பயிற்சியை எப்போதோ முடித்தவர்தான். அங்கே ஆயாக்களுக்கும் கேர்கிவர்களுக்கும் ஒரே பெஞ்சுதான். தமிழ் புரிகிற ஆள் என்று கேட்டால் அனுப்புவதற்கு அவர் ஒருவர்தான் இருந்தார்.

மகள் எழுந்து நின்று வரவேற்றாள். சோபாவில் உட்காரச் சொன்னாள். பூப்போட்ட கோப்பையில் டீ கொண்டுவரச் சொன்னாள். இத்தனை வருஷம் அந்த வீட்டில் தரையில் உட்கார்ந்தவர் சோபாவில் உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்த்தபடி நின்றேன். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பலம் உண்டா என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

அதைவிடப் பெரிய மலைப்பு உள்ளே காத்திருந்தது. தீதி கட்டிலருகே போய்க் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து, ஸ்பூனின் அடியைத் துடைத்தார்.

"சமத்தோன்னோ? ஒரே ஒரு வாய். அப்புறம் நான் கேக்கவே மாட்டேன்."

மாமி வாயைத் திறந்தார்.

மகள் கதவைப் பிடித்துக்கொண்டாள். அது மாமியின் பேச்சு. அதே இழுப்பு, 'கேக்கவே'யில் அதே அழுத்தம். மாமியின் தொண்டையை விட்டுப் போன குரல், கானிங் பக்கத்துப் பெண் ஒருத்தியின் வாயில் பத்திரமாக இருந்தது. தினமும் பக்கத்தில் இருந்தும் எனக்கு அதுவரை அது உறைக்கவில்லை.

"எங்கம்மா என்னை இப்படித்தான் சாப்பிட வைப்பா," என்றாள் மகள். "நீங்க எங்க கத்துண்டேள்?"

"மாமிகிட்டதான்," என்றார் தீதி.

மகளின் பார்வை மெல்ல அவருடைய கைக்கு இறங்கியது. சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு வளையல்கள்.

"ஃபோனைப் பிடிச்சிண்டு இருந்தது நீங்களா?"

தீதி தலையசைத்துவிட்டு அடுத்த ஸ்பூனை ஊட்டினார். கிண்ணம் காலியாகும்வரை மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் மகள் வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோடு பேசினாள். ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தாள். மெய்ட் என்று தொடங்கி நிறுத்தினாள். ஆயா என்றாள், கேர்கிவர் என்றாள், அதையும் பாதியில் விட்டாள். கடைசியில் தமிழில் சொன்னாள்: "அம்மாவோட பேச்சு அவங்ககிட்ட இருக்குடா. அவங்க இங்கயேதான் இருக்கணும்."

தீதி இப்போதும் விடியற்காலை கானிங் லோக்கலில்தான் வருகிறார். ஜன்னலில் தனிக் கிளாஸ் இல்லை. பெங்களூரிலிருந்து மகள் கூப்பிட்டால் ஃபோனைப் பிடிப்பது நான். கொஞ்சம் தள்ளி நின்று பிடிக்க வேண்டியிருக்கிறது, திரையில் இரண்டு முகம் அடங்க வேண்டுமே.