கண்ணாடி அறையில் பெண் பார்த்த கதை

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் கல்யாணம் பேசி முடித்து வைக்கிற மௌரீன் எனக்கு மகள் முறை. என் சித்தப்பா மகன் ஆரோக்கியத்தின் மூத்த பெண். ஆரோக்கியம் யாரென்றால், கோலார் தங்கவயலில் இருந்து வந்து இங்கே பெண் எடுத்தவன். அந்தப் பெண்ணின் தாய்மாமன் எங்கள் அண்ணிக்கு... சரி, இதைச் சொல்லப் போனால் மௌரீன் கதை நின்றுவிடும். அது இன்னொரு நாளைக்கு.

மௌரீன் ஒரு டிராவல்ஸ் கம்பெனியில் வரவேற்பில் உட்கார்ந்திருந்தவள். கம்பெனியை மூடிவிட்டார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்து நிற்கிற நேரத்தில், யார் வீட்டில் பெண் இருக்கிறது, யார் வீட்டில் பையன் இருக்கிறான் என்று பேசிப் பேசி, அதுவே அவள் தொழிலாகிவிட்டது. நல்ல கைராசி. ஆனால் வீட்டில் வைத்துத் தொழில் பார்க்க முடியவில்லை. எங்கள் சந்தில் அவள் வீட்டுக் கதவை ஒருவர் தட்டினால் எதிரே மூன்று ஜன்னல் திறக்கும். வயது கூடிப் போன பெண்ணைப் பெற்றவர்கள், ஒரு தரம் நிச்சயம் ஆகி நின்று போனவர்கள், இவர்களெல்லாம் அந்த ஜன்னல்களுக்குப் பயந்து வருவதே இல்லை. உண்மையில் அவள் தேவைப்படுவது அவர்களுக்குத்தானே?

அதனால்தான் அவள் ரெசிடென்சி ரோட்டை ஒட்டி ஓர் ஆபீஸ் எடுத்தாள். வெள்ளைக்காரன் காலத்துக் கல் பங்களா. வெளியே ஓட்டுக்கூரை, மரச்சட்டம் போட்ட போர்ட்டிகோ. உள்ளே போனால் எல்லாம் கண்ணாடி அறைகள். மேஜை, நாற்காலி, நெட், காபி மிஷின், பெருக்குகிற ஆள், வருகிறவர்களுக்குக் குட்மார்னிங் சொல்ல ஒரு பெண், எல்லாம் மாத வாடகையிலேயே அடக்கம். நாம் கைப்பையோடு போய் உட்கார்ந்தால் போதும்.

"ஜோடி சேக்கறவளுக்கு ஆபீஸ் எதுக்குடி? நீ என்ன கவர்மெண்டா?" என்று கேட்டான் அவள் புருஷன் லாயிட்.

"கவர்மெண்ட் ஆபீஸ்ல வேலை நடக்காது. என் ஆபீஸ்ல நடக்கும், பாரு," என்றாள்.

நடக்கத்தான் செய்தது. ஊர் நடுவில், ஆயிரம் பேர் போய் வருகிற இடத்தில், யார் எதற்கு வந்தார்கள் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? கூச்சப்பட்டவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஒரே ஒரு தொந்தரவு. அந்த இடத்துச் சட்டப்படி ஒரு கேபினுக்கு நான்கு பேருக்கு மேல் வரக்கூடாது. நம் ஜனம் என்றைக்கு நான்கு பேராகப் போய்ச் சம்பந்தம் பேசியிருக்கிறது? ஒரு குடும்பம் ஏழெட்டுப் பேராக வந்ததோடு இல்லாமல், பேச்சு நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில் டிபன் கேரியரைத் திறந்து பிரியாணியும் பரிமாறிவிட்டது. வாசனை மாடி வரைக்கும் போய்விட்டது.

மேனேஜர் சுனில் மறுநாளே வந்தார். மைசூர்க்காரர், மரியாதையான மனிதர். "மேடம், இது ஆபீஸ். சத்திரம் அல்ல. மாடி கம்பெனியில இருந்து கம்ப்ளெயிண்ட் வந்திருக்கு. இன்னொரு தடவை கூட்டம் சேர்ந்தா நீங்க கேபின் காலி பண்ணணும்," என்றார்.

மௌரீனுக்குத் தூக்கம் போய்விட்டது. கேபின் போனால் திரும்பவும் சந்து, திரும்பவும் ஜன்னல்.

அந்தச் சமயத்தில்தான் ஆஞ்சலா என்ற பெண்ணின் கல்யாணப் பேச்சு வந்தது. ஒருமுறை ஒரு பையன் வீட்டார் அவள் போட்டோவை ஊரெல்லாம் போனில் சுற்றவிட்டு, கடைசியில் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து அவள் அம்மா யாருக்கும் போட்டோ தருவதில்லை. பையன் க்ளென், பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். மௌரீன் அவன் வீட்டுக்குப் போன் போட்டுக் கண்டிப்பாகச் சொன்னாள்: "நாலே பேர். பெரிய மனசு பண்ணி நாலே பேர் வாங்க."

அங்கேதான் தப்புப் பண்ணினாள். நம் ஜனத்திடம் 'நாலே பேர்' என்று சொன்னால், ஐந்தாவது ஆளைச் சேர்க்காதது அவமானமாகிவிடும். க்ளெனின் அப்பாவோடு பிறந்த ரோசலிண்ட் அத்தையை விட முடியாது. தாய்மாமன் ரெமிஜியஸை விட்டால் அவர் நிச்சயதார்த்தத்துக்கே வரமாட்டார். அவர் வந்தால் அவர் தம்பிகள் வரவேண்டும். கடைசியில் பதினோரு பேர். நெரிசலுக்குப் பயந்து சீக்கிரமே கிளம்பி, சொன்ன நேரத்துக்கு வெகுமுன்னால் வந்து இறங்கிவிட்டார்கள். மௌரீன் ஆஞ்சலாவையும் அம்மாவையும் பின்வாசல் வழியாக அழைத்துவரப் போயிருந்தாள்.

அன்று கர்நாடகம் பிறந்த நாளான ராஜ்யோத்சவத்துக்கு முந்தின நாள். மாடிக் கம்பெனிப் பிள்ளைகள் எல்லாம் பட்டும் வேட்டியுமாக வந்து, கீழே ஹாலில் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். குட்மார்னிங் சொல்கிற பெண்ணும் அவர்களோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தாள். பதினோரு பேரும் தடுப்பார் இல்லாமல் உள்ளே நுழைந்தார்கள். எதிரே மஞ்சள் பட்டு, சிவப்பு ரவிக்கை, தலை நிறைய மல்லிகை, கையில் மைசூர் பாகு தட்டோடு ஒரு பெண். அவள் பெயர் மமதா, மாடிக் கம்பெனியில் வேலை செய்கிறவள். யாரோ வீட்டுப் பெரியவர்கள் விழாவுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, "பன்னி, பன்னி" என்று கன்னடத்தில் 'வாங்க' சொல்லி, "உக்காருங்க" என்று சிரித்த முகமாக வரவேற்றாள்.

பதினோரு பேரும் உட்கார்ந்தார்கள்.

"பொட்டு வெச்சிருக்காளே," என்று ரெமிஜியஸ் காதைக் கடித்தார்.

"அம்மா வழி சேலம் பக்கம். அங்க நம்மாளுங்க வெப்பாங்க, சும்மா இரு," என்றாள் ரோசலிண்ட் அத்தை. பிறகு மமதாவைப் பார்த்து, "சமைக்கத் தெரியுமா கண்ணு?"

"ஆர்டர் போடத் தெரியும் ஆண்ட்டி."

"அதுவும் ஒரு தெறமதான். மாமியாரோட ஒரே வீட்ல இருப்பியா?"

மமதா தட்டைக் கீழே வைத்தாள். "யாரு மாமியார்?"

"இதோ, ஒன் எதிர்ல மைசூர் பாகு தின்னுட்டு இருக்காங்களே, இவங்கதான்!"

ஹாலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். க்ளென் தலையில் கை வைத்துக்கொண்டான். சரியாக அந்த நேரத்தில் ஒரு பக்கம் மௌரீன், ஆஞ்சலா, அவள் அம்மா. இன்னொரு பக்கம் சத்தம் கேட்டு வந்த சுனில்.

மௌரீனுக்கு ஒரே பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது. "அத்தை, அது பொண்ணு இல்ல! பொண்ணு இங்க இருக்கா!" என்றாள்.

ஆஞ்சலாவின் அம்மா மகள் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி, போயிடலாம். மறுபடியும் ஒரு அசிங்கம் வேணாம்."

ஆஞ்சலா போகவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று பார்த்தால், சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். க்ளென் எழுந்து வந்தான்.

"நான் க்ளென். இவங்க எல்லாரும் என்கூட வந்தவங்கதான். யாரோன்னு சொல்லலாம்னு பார்த்தேன், முடியல."

"நான்தான் பொண்ணு. பட்டு கட்டல, மன்னிச்சிடுங்க," என்றாள் அவள்.

கேபினில் எல்லாரும் நுழைய இடமில்லை. அதனால் அவர்கள் இருவர் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எங்கள் குடும்பங்களில் நிச்சயத்துக்கு முன்னால் பெண்ணும் பையனும் தனியாகப் பேசியது அதுதான் முதல் தடவை. எல்லார் கண்ணிலும் படுகிறார்கள், ஒருத்தர் காதிலும் விழவில்லை. மீன் தொட்டியைப் பார்ப்பது போல மொத்தக் கூட்டமும் வெளியே நின்றது. "தலைய ஆட்டிட்டா... இல்ல, முடிய ஒதுக்குறா" என்று ரோசலிண்ட் அத்தை நேரடி ஒலிபரப்பு.

சுனில் மௌரீனைத் தனியே அழைத்தார். "மேடம், சொன்னேன் அல்லவா? அடுத்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க."

"சார், நாலு பேர் வந்தா அது சம்பந்தம் இல்ல, சாட்சி. எங்க ஜனத்த என்னால கொறைக்க முடியாது," என்ற மௌரீன், சுற்றும் முற்றும் பார்த்தாள். "ஒண்ணு கேக்கறேன். ஞாயித்துக்கிழமை இந்த ஹால் என்ன பண்ணுது?"

"சும்மா இருக்கு. வாட்ச்மேன் மட்டும்."

"எங்காளுங்க பூசை முடிச்சு, நல்ல துணி உடுத்திட்டு, போக எடம் இல்லாம இருக்கறதும் அன்னிக்குத்தான். ஞாயித்துக்கிழமை ஹாலைக் கொடுங்க. மத்த நாள்ல நான், என் போனு, நாலு பேரு. அதுக்கு மேல ஒரு ஆள் வந்தா நானே கதவைச் சாத்தறேன்."

சுனில் யோசித்தார். "மாடிக்காரங்க ஒத்துக்கணுமே."

பக்கத்திலேயே நின்றிருந்த மமதா, "கம்ப்ளெயிண்ட் கொடுத்தது நாங்கதான் சார். பிரியாணி வாசனை வந்தது, பிரியாணி வரல. அதுதான் கோபம்," என்றாள்.

மௌரீன் அடுத்த வாரமே மாடிக்கு ஒரு டப்பா அனுப்பினாள். சுனில் முதலாளியிடம் பேசினார். கேபினும் கையைவிட்டுப் போகவில்லை, ஞாயிறு ஹாலும் கிடைத்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் நாங்கள் கல்யாணம் வைப்பதில்லை. பொங்கல் கழிந்து கோயிலில் ஆஞ்சலாவுக்கும் க்ளெனுக்கும் கல்யாண ஓலை வாசித்து அறிவித்தார்கள். இரண்டு பக்கமும் எனக்குச் சொந்தம் என்பதால் இரண்டு பத்திரிகை வந்தது.

இப்போது ஞாயிறுதோறும் ஹால் நிறைந்துவிடுகிறது. யார் வீட்டுச் சம்பந்தமானாலும் ரோசலிண்ட் அத்தை முன்வரிசையில் இருக்கிறாள். போன வாரம் ஒரு பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, அத்தை எழுந்து நின்று சத்தம் போட்டாளாம்:

"ஏய் மௌரீன், அந்த ஏசிய மொதல்ல கொற! பொண்ணு நடுங்கறது வெக்கத்துலயா குளுர்லயான்னே தெரியலடி!"